சனிக்கிழமை முழுக்கு

மழை பிடித்துப் பதினோரு நாளாகிவிட்டது. வானத்தைப் பார்த்தாலே லாண்டரிக்காரருக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் சிஸ்டர்கள் வந்து போகிற இடமாகிவிட்டதால் அதைப் பாதியிலேயே விழுங்கி, "சரியான... மழை" என்று முடித்துக்கொள்வார்.

பின்கட்டில் கயிறு கயிறாக ஓட்டல் படுக்கை விரிப்புகள் தொங்கின. காலையில் போட்டது சாயங்காலமும் கையில் ஜில்லென்றுதான் ஒட்டியது. உலர்த்துகிற மெஷின் ஒன்றே ஒன்று. அதுவும் பாதிச் சுற்றில் நின்றுவிடும். லாண்டரிக்காரர் அதன் விலாவில் ஓர் உதை விட்டால் மறுபடி சுற்றும். முன்பக்கம் இஸ்திரி மேசை, பொட்டலம் கட்டும் பலகை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மேலே ஓர் அறையும் சமையலும். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் இருக்கிற வீடு. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை மூன்று பேர் இருந்தார்கள். ஐந்தரை வயதுப் பெண் குழந்தை, நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டது.

சிஸ்டர்கள் என்பது மார்மன் சபையின் ஊழியப் பெண்கள் இருவர். முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை, மழைக்கோட்டு, நெஞ்சில் வெள்ளை எழுத்துப் போட்ட கறுப்பு வில்லை. ஒன்றரை வருஷம் வீட்டை விட்டு, படிப்பை விட்டு, சபை அனுப்புகிற ஊரில், சபை சேர்த்துவிடுகிற துணையோடு இருக்க வேண்டும். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி தெருமுனைக் கடைக்குக்கூடப் போக முடியாது. பெரிய சிஸ்டர் ஊழியத்துக்கு வந்து பதினைந்து மாதம். சின்ன சிஸ்டர் வந்து ஐந்து மாதம். உயரத்தில் சின்னவள்தான் ஒரு சாண் அதிகம். அதனால் புதிதாகப் பார்க்கிறவர்கள் இவளைப் பெரியவள் என்றும் அவளைச் சின்னவள் என்றும் மாற்றிக் கூப்பிட, பெரியவளுக்கு முகம் சுருங்கிவிடும்.

காலை ஆறரைக்கு அலாரம். முட்டி போட்டு ஜெபம். அரை மணி நேரம் குதிப்பதும் குனிவதும். கீழ் வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டுவார். ரொட்டி, அவித்த முட்டை, பால். பிறகு வேதம் படிப்பு, அதன்பின் இருவருமாக உட்கார்ந்து அன்றைக்கு யாரைப் பார்ப்பது என்று திட்டம். அப்புறம் தெரு. ஒரு காலையில் முப்பது கதவு தட்டினால் இருபது திறக்காது. ஐந்து திறந்த வேகத்தில் மூடும். இரண்டில் நாய் வரும். ஒரு வீட்டில், "என்ன விக்கிறீங்க?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் விக்கலைங்க" என்றால், "அப்ப வேண்டாம்" என்பார்கள். யாராவது உட்காரச் சொல்லி டீ நீட்டினால், டீயும் காபியும் தங்களுக்குக் கூடாது என்று விளக்குவதற்குள் உட்காரச் சொன்னதற்கே அவர்கள் வருத்தப்படுவது தெரியும்.

லாண்டரிக் கதவைத் தட்டியதும் அப்படி ஒரு காலையில்தான். லாண்டரிக்காரர் வில்லையைப் பார்த்தார், நனைந்த செருப்பைப் பார்த்தார்.

"மடிக்கத் தெரியுமா?" என்றார்.

"என்னதுங்க?"

"பெட்ஷீட்டு. எழுபது கெடக்குது. மடிச்சுக்கிட்டே பேசுறதுன்னா பேசுங்க. உக்காந்து கேக்கவெல்லாம் இங்க ஆளில்ல."

அன்றைக்கு எழுபதும் மடித்தார்கள். பெரியவள் கடவுளைப் பற்றிப் பேசினாள். லாண்டரிக்காரர், "மூலையைப் பிடிம்மா, மூலையை" என்று மட்டும் நடுநடுவே சொன்னார். போகிற நேரத்தில் அவர் மனைவி, எல்லோரும் லாண்டரியக்கா என்று கூப்பிடுகிறவள், கேட்டாள்:

"ஏம்மா, சின்ன வயசுல செத்துப்போன புள்ளைங்க எங்க போகும்னு உங்க புஸ்தகத்துல இருக்குதா?"

இருந்தது. எட்டு வயதுக்குள் போன குழந்தைக்குப் பாவமே கிடையாது, நேரே ஆண்டவரிடம்தான் இருக்கிறது என்று இருந்தது. குடும்பம் என்பது சாவோடு முடிவதில்லை என்றும் இருந்தது. பெரியவள் சொல்லச் சொல்ல லாண்டரியக்கா கையிலிருந்த தலையணை உறையை மடிக்காமலே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதிலிருந்து மூன்று மாதம். புதன், வெள்ளி இரண்டு நாளும் மடிப்பும் பாடமும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சிஸ்டர்கள் இருவரும், 'இது உண்மை என்று எனக்குத் தெரியும்' என்று சாட்சி சொல்வார்கள். லாண்டரியக்கா டீயை விட்டாள். விட்ட முதல் வாரம் தலைவலி தாங்காமல் மெஷினை அவளே நாலு உதை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனாள். சனிக்கிழமை ஞானஸ்நானம் என்று நாளும் குறித்தாகிவிட்டது. பாக்கி ஒன்றுதான். கல்யாணமானவள் என்பதால் புருஷன் சம்மதிக்க வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் அதைக் கேட்கத்தான் போனார்கள். லாண்டரிக்காரர் மேலே சாப்பிட உட்கார்ந்திருந்தார். நாலு பேருக்கும் கிண்ணத்தில் சூப்பும் ரொட்டியும் வைத்தாள் லாண்டரியக்கா. வெளியே தகரத்தில் மழை சடசடவென்று அடித்ததில் ஒவ்வொரு பேச்சையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணா, அக்காவுக்கு சனிக்கிழமை ஞானஸ்நானம். உங்க சம்மதம் கேக்க வந்தோம்" என்றாள் பெரியவள்.

"அந்த முழுக்கா? தண்ணியில முக்கி எடுப்பீங்களே, அதுவா?"

"ஆமாங்கண்ணா."

"அவளுக்குத் தண்ணின்னா பயமாச்சே. நாள் பூரா தண்ணியிலதான் வேலை, ஆனா மூக்குக்கு மேல போனா கத்துவா." ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டார். "எதுக்கு இந்த முழுக்கு?"

"நான் சொன்னேனேங்க" என்றாள் லாண்டரியக்கா.

"நீ சொல்லல. நீ சபைக்குப் போறேன்னு சொன்னே, டீ குடிக்கமாட்டேன்னு சொன்னே. எதுக்குன்னு சொல்லல."

லாண்டரியக்கா கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னாள். "பாப்பாவோட இருக்கலாம். எப்பவும். செத்த பிறகும்."

அந்த வீட்டில் பாப்பா என்ற சொல் சத்தமாக வந்து சிஸ்டர்கள் கேட்டதில்லை. பாடத்தில்கூட 'அது' என்றுதான் லாண்டரியக்கா சொல்வாள். லாண்டரிக்காரர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"அப்ப நான்?" என்றார்.

மழை சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, "என்னங்கண்ணா?" என்றாள் பெரியவள்.

"நான். நான் உங்க சபையில இல்லையே. இவளும் பாப்பாவும் அங்க ஒண்ணா இருப்பாங்க. அப்ப நான் எங்க இருப்பேன்?"

பெரியவள் இதற்குத் தயாராகத்தான் இருந்தாள். "அண்ணா, ஆண்டவர் யாரையும் ஒதுக்கறதில்ல. நீங்களும் சேரலாம். இப்ப இல்லேன்னாலும் ஒரு நாள். செத்த பிறகும் எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு இருக்கு."

"செத்த பிறகும் வந்து கேப்பீங்களா?" லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நான் பொய் சொல்லிப் பழக்கமில்லம்மா. எனக்குச் சாமின்னு எதுவும் மனசுல ஏற மாட்டேங்குது. அந்த நாலு நாள் எல்லாக் கோயில் வாசல்லயும் நின்னு கேட்டுப் பாத்துட்டேன். செத்தாலும் நான் இதே ஆளாத்தான் இருப்பேன். அப்பவும் வேண்டாம்னு சொன்னா?"

பெரியவள் வேத வசனம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. நேரே சின்னவளைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. நீ அதிகம் பேச மாட்டே. நான் எங்க இருப்பேன்?"

சின்னவளுக்குப் பதில் மனப்பாடம். ஆனால் இதே கேள்வியை அவள் பத்து வயதில் தன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அவள் அப்பா சபையைச் சேர்ந்தவரில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அவளையும் வண்டியில் கூட்டிவந்து இறக்கிவிட்டு, வாசலுக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். அம்மா சொன்ன பதிலும் பாடத்திலிருக்கிற பதிலும் ஒன்றுதான். அப்போதும் அவளுக்கு அது போதவில்லை.

"எனக்குத் தெரியலைங்கண்ணா" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. பெரியவளின் கால் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தது.

லாண்டரிக்காரர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். மெஷினை உதைக்கிற சத்தம் கேட்டது. லாண்டரியக்காதான் எழுந்து நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"தெரியாதா? உனக்கே தெரியாதா?"

"அக்கா, நான் சொன்னது என்னன்னா..."

"மூணு மாசமா இங்க நின்னு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு சொன்னியேடி! ஒவ்வொரு பாடமும் அப்படித்தானே முடிச்சே? தெரியாமலா சொன்னே? எம்புள்ளையை வெச்சு விளையாடினியா?"

"அக்கா..."

"போயிரு. ரெண்டு பேரும் போங்க. நான் மடிச்சுக்கறேன்."

தெருவில் இருவருக்கும் ஒரே குடை. சண்டை போட்டாலும் ஒரே குடைக்குள்தான் போட வேண்டும்.

"தெரியும்னு சொல்லத்தானே வந்திருக்கோம்" என்றாள் பெரியவள். அழுகிறாளா மழையா என்று தெரியவில்லை. "தெரியாதுன்னு சொல்ல வீட்டுலயே இருந்திருக்கலாமே."

"பொய் சொல்லியிருக்கணுமா?"

"அது பொய்யா உனக்கு?"

ஆண்டவர் இருக்கிறார் என்பதில் சின்னவளுக்குச் சந்தேகமில்லை. குழந்தை அவரிடம்தான் இருக்கிறது என்பதிலும் சந்தேகமில்லை. அந்த மனுஷர் சூப்புக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டபோது மட்டும் எல்லாம் கலங்கிப்போனது. அதை எப்படிச் சொல்வது?

"எனக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்கு" என்றாள் பெரியவள். "பதினஞ்சு மாசத்துல நான் பாத்ததுல நெசமாவே தேடி வந்தவங்க அவங்க ஒருத்தர்தான்."

வெள்ளிக்கிழமை போனார்கள். கதவு திறக்கவில்லை. உள்ளே இஸ்திரிப் பெட்டி 'உஸ்' என்று மூச்சு விடும் சத்தம் கேட்டது. சனிக்கிழமை ஞானஸ்நானம் இல்லை என்று பெரியவள் போனில் சபைக்குச் சொன்னாள். ஏன் என்று கேட்டார்கள். "தெரியலை" என்று சொல்லிவிட்டு, சொன்னதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருவரும் ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரித்துவிடலாமா என்று இருந்தது. சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அவர்களுக்கு ஊழியத்திலிருந்து ஓய்வு. துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்குப் போன் பேச. சின்னவள் வழக்கம்போல அம்மாவிடம் பேசிவிட்டு, "அப்பாகிட்ட குடுங்கம்மா" என்றாள். அம்மாவுக்கு ஆச்சரியம். வாராவாரம் போன் திரையில் அம்மாவுக்குப் பின்னால் அவர் குறுக்கே போவது தெரியும், அவ்வளவுதான். திரையில் அப்பாவின் நெற்றி மட்டும் வந்தது.

"என்னடா?"

"அப்பா, ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கிழமை எங்களை இறக்கி விட்டுட்டு வண்டியிலயே உக்காந்திருப்பீங்களே. அப்ப என்ன நெனச்சுக்கிட்டு இருப்பீங்க?"

"என்ன நெனப்பேன்? பேப்பர் படிப்பேன். தூங்குவேன்."

"வெளிய இருக்கோம்னு தோணாதா?"

"வெளியதானே இருந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "கடைசிப் பாட்டு எதுன்னு எனக்குத் தெரியும். அது கேட்டதும் வண்டியைத் திருப்பி நிறுத்துவேன். இன்னும் அஞ்சு நிமிஷத்துல வந்துருவீங்கன்னு."

"நாங்க வரலேன்னா?"

"வராம? உள்ளயே பாய் போட்டுப் படுக்கப் போறீங்களா?" நெற்றி அசைந்தது. "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லப்பா."

போனை வைத்த பிறகும் நெடுநேரம் சின்னவள் ஈரக் காலுறைகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா சொன்னது பதிலா, பதில் இல்லாததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பெரியவள் வந்து அவள் கையிலிருந்து காலுறையை வாங்கி உதறி, கயிற்றில் போட்டாள். அன்றைக்கு அவர்களுக்குள் நடந்த சமாதானம் அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை, படிப்பு நேரத்தில் கதவு தட்டும் சத்தம். தட்டியே பழகியவர்களுக்குத் தட்டப்படுவது புதுசு. திறந்தால் லாண்டரியக்கா. நனைந்த தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தாள்.

உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு கட்டில், இரண்டு மேசை, சுவரில் ஊர்ப் படம், அதில் குத்திய குண்டூசிகள்.

"இதுல நாங்க எது?" என்றாள்.

பெரியவள் ஒரு பச்சைக் குண்டூசியைக் காட்டினாள். லாண்டரியக்கா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றாள் சின்னவள். "எங்கப்பாவும் சபையில இல்ல. அதனால..."

"சும்மா இரு, நான் சொல்லிர்றேன். அப்புறம் மறந்துரும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ரெண்டு வருஷமா அவர் பாப்பா பேச்சையே எடுக்கல. துணிமணியெல்லாம் அவர்தான் எடுத்துக் குடுத்தார். படத்தைக் கழட்டினார். நான் அழுதா எழுந்து கீழ போயிருவார். மறந்துட்டாரு, கல்நெஞ்சுன்னு நெனச்சேன். சரி, நான் மட்டுமாவது போய்ப் பாத்துக்கறேன்னுதான் உங்ககூட வந்தேன். அவரை விட்டுட்டுப் போறோம்னு எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சுதான். கோவம்."

பையைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க போனப்புறம் கீழ போனேன். உன்னைத் திட்டலாம், அவரையும் திட்டலாம்னு போனேன். மெஷினைப் பாத்துக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தார். 'அவ என்னைத் தேடுவாளா?'ன்னு கேட்டார். 'நான் இல்லேன்னா தூங்கமாட்டாளே, எப்படித் தூங்கறா?'ன்னு கேட்டார். ஒரு வாரமா அதையேதான் பேசறோம். வேலை செஞ்சுக்கிட்டே பேசறோம். பாப்பா சோப்புத் தூளைச் சக்கரைன்னு தின்னது, அது இதுன்னு. எனக்குத் தெரியாததெல்லாம் சொல்றார்."

"நல்லதுதானேக்கா" என்றாள் பெரியவள், மெதுவாக.

"நல்லதா? எனக்கு ஒண்ணும் புரியல. இப்ப அவரை விட்டுட்டுப் போக மனசு வரல. போகாம இருக்கவும் மனசு வரல. முழுக்கு வேண்டாம்னு அவர்கிட்டயே சொன்னேன். அதுக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'நீ போ. ஒருவேளை அவங்க சொல்றது நெசமா இருந்துட்டா, பாப்பாகிட்ட ஒருத்தராவது இருக்கட்டும். என் கதையை அப்புறம் பாத்துக்கலாம்'னார்."

பிளாஸ்டிக் பையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் சின்னக் குட்டையாகியிருந்தது. லாண்டரியக்கா அதைக் கால் விரலால் துடைக்கப் பார்த்தாள்.

"சனிக்கிழமைன்னா எத்தனை மணிக்கு?" என்றாள்.

சபைக் கட்டடத்தின் பின்னறையில் ஓடு பதித்த தொட்டி. நிரம்ப மூன்று மணி நேரம் ஆகும். வெந்நீர்க் குழாய் பாதியில் மக்கர் செய்ததால் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. முழுக்குக் கொடுக்கிறவர் சபையிலேயே இருக்கிற ஒரு எலெக்ட்ரீஷியன். ஒல்லியானவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் தொட்டிக்குள் இடுப்பளவு நின்றுகொண்டு, லாண்டரியக்காவின் பருத்த உடம்பைத் தன்னால் தூக்கி எடுக்க முடியுமா என்று பார்த்து எச்சில் விழுங்கினார்.

லாண்டரிக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. மடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டு. ஜெபம் நடந்தபோது அவர் கண்ணை மூடவில்லை. தொட்டியின் ஆழத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

லாண்டரியக்கா வெள்ளை அங்கியில் படியிறங்கினாள். எலெக்ட்ரீஷியன் கையை உயர்த்திச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பின்னால் சாய்த்து முக்கினார். தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. எழுந்தாள், இருமினாள். இரு பக்கமும் நின்ற சாட்சிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்கள். முழங்கால் மேலே வந்துவிட்டது. முழுசாக முங்கவில்லை. மறுபடியும்.

"மறுபடியுமா?" லாண்டரிக்காரர் எழுந்துவிட்டார். "ஏன், முதல் தடவை எங்க போச்சு?"

"அண்ணா, உடம்பு பூரா உள்ள போகணும். அதான் முறை" என்று கிசுகிசுத்தாள் பெரியவள்.

அவர் தொட்டி விளிம்புக்கே போய்விட்டார். யாரும் தடுக்கவில்லை. லாண்டரியக்காவின் முகம் வெளுத்து, இரண்டு கையாலும் எலெக்ட்ரீஷியனின் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"இங்க பாரு. என்னைப் பாரு" என்றார் லாண்டரிக்காரர். "காலை உதைக்காதே. மூக்கைப் பிடி. நான் மூணு எண்ணுறதுக்குள்ள வந்துருவே."

இரண்டாவது தடவை அவள் கல்லைப் போல உள்ளே போனாள். அறை முழுக்கக் கேட்கும்படி அவர் எண்ணினார். ஒன்று. இரண்டு. எழுந்துவிட்டாள். சாட்சிகள் சரி என்றார்கள். லாண்டரிக்காரர் மூன்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் துண்டை நீட்டினார்.

உடை மாற்றும் அறையில் சின்னவள் அவள் தலையைத் துவட்டினாள்.

"ஒண்ணும் தெரியலயேம்மா" என்றாள் லாண்டரியக்கா. பல் கிடுகிடுத்தது. "ஏதாவது தெரியணுமா?"

மனசுக்குள் ஒரு சமாதானம் வரும், வெளிச்சம் தெரியும் என்று பாடத்தில் இருக்கிறது. சின்னவளுக்குத் தன் எட்டாவது வயதில் இதேபோல் முங்கி எழுந்தபோது காதில் தண்ணீர் போனதுதான் ஞாபகம்.

"குளிருதாக்கா?" என்றாள்.

"குளிருது."

"காதுல தண்ணி போச்சா?"

"போச்சு." தலையைச் சாய்த்துக் குதித்தாள். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, நடுவிலேயே அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, சின்னவள் துண்டோடு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அழுகிறவள் யார், தேற்றுகிறவள் யார் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

வெளியே பின்வாசலில் மழை தூறலாகியிருந்தது. நனைந்த அங்கியைப் பையில் போடப் பெரியவள் கை நீட்டினாள். "இப்படியே போட்டா நாறும்மா" என்று லாண்டரிக்காரர் அதை வாங்கிக்கொண்டார். ஒரு முனையைப் பெண்டாட்டியிடம் நீட்டினார். அவள் யோசிக்காமல் பிடித்தாள். அவர் வலது பக்கமாக முறுக்க, அவள் இடது பக்கமாக முறுக்கினாள். தண்ணீர் படியில் கொட்டியது.

"என்னமோ ஆகும்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"என்ன ஆகும்?"

"நீ வேற யாராவோ எழுந்து வருவேன்னு."

"வந்தேனா?"

முறுக்குவதை நிறுத்தாமலே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இல்ல. மூக்கு அடைச்சிருக்கு."

"அவங்க சொல்றதெல்லாம் நெசமான்னு எனக்கு இன்னும் தெரியலைங்க" என்றாள் லாண்டரியக்கா. சிஸ்டர்கள் இருவரும் பக்கத்தில்தான் நின்றார்கள். "முழுக்குப் போட்டும் தெரியல."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றார் லாண்டரிக்காரர். "இன்னும் தண்ணி இருக்கு. இறுக்கிப் பிடி."

அவள் இறுக்கிப் பிடித்தாள்.